இயந்திரம் தராதீர்கள், கட்டப் பழக்குங்கள்

போர் முடிந்த பிறகு எங்கள் மன்னார் மாவட்டத்துக்கு வந்த உதவிகளில் இயந்திரங்களுக்குக் குறைவே இருக்கவில்லை. தையல் மெசின் வந்தது, மா அரைக்கிற மெசின் வந்தது, மரவேலைக்கு, தும்பு வேலைக்கு என்று ஏதேதோ வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு திறப்பு விழா நடந்தது. நாடா வெட்டிய படம் இன்னும் சுவரில் தொங்குகிறது. இயந்திரமோ பல இடங்களில் பொலித்தீன் போர்வைக்குள் கிடக்கிறது. ஏன் ஓடவில்லை என்று கேட்டால் பதில் சின்னதாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு போர்ட் எரிந்துவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டது. கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும். ஆள் வந்து போகிற செலவுக்கு எவரிடமும் ஒதுக்கீடு இல்லை.

இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது. ஓர் ஊருக்கு ஓர் இயந்திரத்தைக் கொடுப்பதைவிட, அந்த இயந்திரத்தைக் கட்டத் தெரிந்த நாலு பேரை அந்த ஊரில் உண்டாக்குவது பெரிய உதவி. வட மாகாணத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களும் அவற்றுக்குக் காசு கொடுக்கிறவர்களும் இதை யோசிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெறும் வாயால் சொல்லவில்லை. மன்னார் உப்புக்குளத்தில் எனக்கு ஒரு தச்சுப்பட்டறை இருக்கிறது. வாப்பாவிடமிருந்து வந்த தொழில். கதவு, நிலை, அலுமாரி, பள்ளிவாசலுக்குக் குர்ஆன் வைக்கும் ரேஹல், கடைகளுக்குப் பெயர்ப்பலகை, கேட்டால் தேவாலயத்துக்குப் பீடமும் கோயிலுக்கு வாகனப் பலகையும். அந்தப் பட்டறையில் இப்போது கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் சி.என்.சி. றவுட்டர் ஒன்று ஓடுகிறது. அதை எந்தக் கொம்பனியிடமும் வாங்கவில்லை. பள்ளிமுனைத் தம்பி ஒருவரும் நானும் சேர்ந்து கட்டினோம். ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலைக்குள் வேலை முடிந்தது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மேசை. மேசைக்கு மேலே குறுக்காக ஒரு பாலம். பாலத்தில் ஒரு ட்ரிம்மர். பலகையின் ஓரம் சீவ நாங்கள் கையில் பிடிக்கிற அதே ட்ரிம்மர்தான். பாலம் முன்னும் பின்னும் போகும், ட்ரிம்மர் இடமும் வலமும் மேலும் கீழும் போகும். ஒவ்வொரு திசைக்கும் மோட்டர் உண்டு. கணினியில் வரைந்த பூவேலையை மென்பொருள் வரிவரியான கட்டளைகளாக மாற்றித் தரும். ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாகப் போ. ஜி1 என்றால் வெட்டிக்கொண்டு நேராகப் போ. ஜி2 என்றால் வலஞ்சுழியாக வளைந்து போ. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன் நான். எனக்கு இது ஒரு வாரத்துக்குள் பிடிபட்டது. ஒரு கதவுக்கு அளவெழுதத் தெரிந்தவனுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

வான்படையின் காசில் பிறந்த கருவி

இது ஏழைத் தச்சனை நினைத்துப் பிறந்த கருவி அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகொப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்த ஜோன் பார்சன்ஸ் என்பவர், வளைவான வடிவங்களைக் கையால் வெட்டி மாளாமல், வளைவின் புள்ளிகளை முதலே கணக்கிட்டு இயந்திரத்துக்கு எண்களாகக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். வான்படை காசு கொடுத்தது. எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் அந்த யோசனையை எடுத்து, துளை போட்ட நாடாவில் எண்களைப் படித்து நகரும் மில்லிங் இயந்திரம் ஒன்றை 1952இல் ஓட்டிக் காட்டினார்கள். வெற்றிடக் குழாய்கள் நிறைந்த அதன் கட்டுப்பாட்டு அலுமாரியே ஓர் அறையைப் பிடிக்கும். அதன் பிறகு நெடுங்காலம் இது பெரிய தொழிற்சாலைகளின் சொத்தாகவே இருந்தது.

கதவைத் திறந்துவிட்டது இரண்டு காரியம். 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரத்தில் மாணவர்களுக்காக ஆர்டுயினோ என்கிற மலிவான சின்னச் சுற்றுப்பலகையை உருவாக்கினார்கள். 2009இல் நோர்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட், அந்தப் பலகைக்குள் அடங்குகிற ஜி.ஆர்.பி.எல். என்ற கட்டுப்பாட்டு நிரலை எழுதி, யாரும் எடுக்கலாம் என்று விட்டுவிட்டார். அன்று ஓர் அறையைப் பிடித்தது இன்று என் உள்ளங்கையில் கிடக்கிறது. நிரலுக்குக் காசு இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அந்தப் பலகையை வாங்கலாம்.

ஆக, இந்த இயந்திரத்தில் கடினமானது என்று எல்லோரும் பயப்படுகிற பகுதி இலவசமாகக் கிடைக்கிறது. மிச்சம் இருப்பது சட்டம், தண்டு, பெயாரிங், வயர். அதற்கு வேண்டிய ஆட்கள் எங்கள் மன்னார்த் தீவிலேயே இருக்கிறார்கள்.

மன்னாருக்கென்று எந்தக் கொம்பனியும் செய்யாதது

சீனாவிலோ ஐரோப்பாவிலோ இயந்திரம் செய்கிறவர் குளிரூட்டிய அறையை, தடைப்படாத மின்சாரத்தை, உப்பில்லாத காற்றை நினைத்துத்தான் செய்கிறார். எங்களிடம் மூன்றும் இல்லை. அதனால் வடிவமைப்பை நாங்கள் இங்கிருந்தே தொடங்கினோம்.

முதலாவது சட்டம். வீட்டில் கட்டுகிறவர்களுக்கென்று கிடைக்கிற வரைபடங்கள் பல எம்.டி.எஃப். பலகையில் சட்டம் செய்யச் சொல்கின்றன. வாடைக்காற்றும் மழையும் வருகிற மாதங்களில் எங்கள் ஊரில் எம்.டி.எஃப். ஈரம் குடித்து ஊதும். எனவே இரும்புப் பெட்டிக்கம்பி. பாலம் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதற்குப் பொறியியல் புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது: நீளத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு எட்டு மடங்காகும், அதே அகலமுள்ள திண்மக் கம்பியின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு எட்டில் ஒன்றாகும். கூரைக்கு வளை போடுகிற எந்தத் தச்சரையும் கேளுங்கள். மரத்தைப் படுக்கையாகப் போடாதே, குத்தாகப் போடு என்பார். அவர் கைக்குத் தெரிந்த விதியும் இதுதான்.

வெல்டிங் செய்த இரும்பு சூட்டில் முறுகும். அந்த முறுகலின் மேல் நகர்வுத் தண்டவாளத்தைப் பூட்டினால் பாலம் சிக்கிச் சிக்கித்தான் ஓடும். பெரிய தொழிற்சாலை என்றால் இரும்பின் முகத்தை மெசினில் கடைந்து சமப்படுத்தும். எங்களுக்கு வழி சொன்னவர் ஃபைபர் படகு கட்டும் அண்ணன் ஒருவர். தண்ணீர் போலத் தன்னால் மட்டமாகும் ரெசினை ஊற்றி, அது காய்ந்த முகத்தின் மேல் தண்டவாளத்தைப் பூட்டலாம் என்பது எங்களுக்குத் தெரியும். எந்த ரெசின் என்பதுதான் கேள்வி. “படகுக்குப் போடுற பொலியெஸ்டர் வேண்டாம், அது காயேக்க சுருங்கும். மெதுவா இறுகிற எபொக்சி எடுங்கோ” என்றார். சுருங்காத ரெசினைத் தேடி நாங்கள் வேறெங்கும் போகத் தேவைப்படவில்லை.

இரண்டாவது உப்பு. சோளகம் வீசுகிற மாதங்களில் இங்கே கதவுப் பிணைச்சல்கூடத் துருப்பிடிக்கும். தேய்த்து மினுக்கிய உருக்குத் தண்டவாளம் எம்மாத்திரம்? கெட்டியான கிறீஸைப் பூசலாம் என்றால் அது மரத்தூளையும் மணலையும் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். அதனால் தண்டவாளத்தைப் பக்கவாட்டில் பூட்டினோம். தூள் அதன்மேல் தங்காது. மெல்லிய எண்ணெயை அடிக்கடி துடைத்துப் பூசுகிறோம். அதற்கு மேல் மடிப்பு மடிப்பாக விரிந்து சுருங்கும் உறை. அதைத் தைத்துத் தந்தவர் ஓட்டோவுக்கு ஹூட் அடிக்கிறவர்; ஓட்டோ ஹூட்டுக்குப் போடுகிற அதே ரெக்சின். அது கிழிந்தால் அவர் கடை நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது.

மூன்றாவது மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. நெருக்கடி தணிந்த பிறகும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என்று அமைச்சரே சொன்னார். பெரிய தடங்கல் இல்லாத நாளிலும் கரண்ட் ஒரு விநாடி போய் வரும். ஃபேனுக்கு அது ஒன்றுமில்லை. எங்கள் இயந்திரத்தை நகர்த்தும் மோட்டர்களுக்குத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது. எத்தனை அடி எடுத்து வை என்று சொன்னோமோ அத்தனை வைக்கும், அவ்வளவுதான். மின்சாரம் போன விநாடியில் கணக்குத் தப்பினால், பாதி செதுக்கிய தேக்குப் பலகை விறகு.

யூ.பி.எஸ். ஒன்றை வைத்துவிடலாம் என்றேன். தம்பி உடனே கேட்டார்: “நானா, மோட்டருக்கு கரண்ட் இருந்து ட்ரிம்மருக்கு இல்லாட்டி என்ன நடக்கும்?” நல்ல கேள்வி. சுழலாத கத்தியை மோட்டர் மரத்துக்குள் தள்ளும். கத்தி முறிந்து பறக்கும். ட்ரிம்மரையும் தாங்குகிற யூ.பி.எஸ். விலை கூட. கடைசியில் தம்பி கண்ட வழி இது. மூன்று 12 வோல்ட் பற்றரிகளைத் தொடராகக் கட்டினால் 36 வோல்ட். மோட்டர்களை இயக்கும் சுற்றுகளுக்கு அது போதும். மடிக்கணினி தன் பற்றரியில் ஓடும். ஆர்டுயினோ மடிக்கணினியிலிருந்து உயிர் எடுக்கும். ஜி.ஆர்.பி.எல். நிரலில் ‘நின்று பொறு’ என்று சொல்வதற்கென்றே ஒரு முனை இருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் ஒரு ரிலேயை அந்த முனையோடு இணைத்தோம். கரண்ட் போனால் ரிலே விடும், பாலம் அதே இடத்தில் நின்று பொறுக்கும். கரண்ட் வந்ததும் ட்ரிம்மரை ஓடவிட்டு, தொடரச் சொன்னால் விட்ட இடத்திலிருந்து வெட்டும். இந்த வசதியோடு எங்களுக்கு இயந்திரம் விற்க எந்தக் கொம்பனியும் முன்வந்ததில்லை. அவர்கள் நாட்டில் அதற்குத் தேவை இல்லை.

கணக்கும் கையும்

கட்டுகிறவனுக்கு இயந்திரத்தின் வரம்பும் தெரிந்துவிடுகிறது. எங்கள் மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். ஒவ்வோர் அடியையும் சுற்று எட்டாகப் பிரிக்கிறது, ஆக 1,600. திருகுத் தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்தும். ஒரு மில்லிமீற்றருக்கு 320 சிற்றடி. ஆர்டுயினோவில் ஜி.ஆர்.பி.எல். விநாடிக்கு ஏறத்தாழ 30,000 சிற்றடிகளைத்தான் அனுப்பும். எனவே நிமிடத்துக்கு 5 மீற்றருக்குச் சற்று மேலே போனால் அதன் எல்லை வந்துவிடும். இதைத் தெரிந்தவனை, “எங்கள் மெசின் பத்து மடங்கு வேகம்” என்று வருகிற விற்பனையாளர் ஏமாற்ற முடியாது.

வேகத்தைக் குறைத்தால் வெட்டு அழகாகும் என்று நினைப்பார்கள். சுழல்வேகத்தை அப்படியே விட்டு நகர்வை மட்டும் குறைத்தால் கத்தி மரத்தைச் சீவாது, தேய்க்கும், தேய்த்தால் கருகும். இரண்டு வாயுள்ள கத்தி நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வாயும் 0.08 மில்லிமீற்றர் சீவ வேண்டும் என்றால் நகர்வு நிமிடத்துக்கு 2,880 மில்லிமீற்றர். வேம்புக்கு ஓர் ஆழம், முதிரைக்கு இன்னோர் ஆழம். முதிரையில் அவசரப்பட்டால் கத்தி போய்விடும். இதைக் கணினி சொல்லித் தராது. சீவல் எப்படி விழுகிறது, சத்தம் எப்படி மாறுகிறது என்று பார்த்தும் கேட்டும் பழகியவர்தான் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

சதுரம் பார்ப்பதும் அப்படித்தான். 60, 80, 100 சென்றிமீற்றர் முக்கோணத்தால் மூலை பார்த்து, நாலு மூலையிலும் துளை போட்டு, குறுக்களவுகள் இரண்டும் ஒத்து வரும்வரை பாலத்தைத் தட்டித் திருத்தினோம். வாப்பா கதவு நிலைக்குச் செய்ததும் இதே வேலைதான். இறக்குமதிக் கத்திகளின் காம்பு 3.175 மில்லிமீற்றர் என்று பெட்டியில் போட்டிருக்கும். வாப்பாவின் அளவில் அது சரியாக ஒரு நூல்.

எழும்பி நிற்கிற தொழில்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவிலிருந்து எங்கள் குடும்பங்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போயின. வாப்பாவின் பட்டறைச் சாமான் முழுவதும் இங்கேயே நின்றது. அங்கே அவர் இரவல் உளியோடு வேலை தொடங்கினார். போருக்குப் பிறகு திரும்பி வந்து, அதே தொழிலை இங்கே இரண்டாம் தரம் தொடங்கினார். இரவல் உளியில் ஒருவர் எழும்ப முடிந்தது, அந்தத் தொழிலின் உள்ளும் புறமும் அவருக்குத் தெரிந்திருந்ததால்.

இன்றைய தொழிலுக்கும் அதே நிலை வேண்டும் என்கிறேன். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு வந்தது. அப்போது அச்சகம், தையல், ஐஸ் உற்பத்தி என்று எந்தத் தொழிலிலும் அடிபட்டவர்கள், தங்கள் இயந்திரத்தின் ஒரு சின்னப் பாகத்துக்கு வெளிநாட்டை நம்பியிருந்தவர்கள். எங்கள் இயந்திரத்தில் தண்டின் ஒரு முனையில் இருப்பது 6000 இலக்கப் பெயாரிங். உள்துளை 10 மில்லிமீற்றர். அந்த இலக்கத்தைச் சொன்னால் ஓட்டோ கராஜ்காரரே எடுத்துத் தருவார். ட்ரிம்மரின் கார்பன் தேய்ந்தால் ஹார்ட்வெயார் கடையில் இருக்கிறது. வெளியிலிருந்தே வரவேண்டியவை தண்டவாளமும் திருகுத் தண்டும் மட்டும். அவை எளிதில் தேயாது.

மீனவர் ஊரான பள்ளிமுனையில் தன் இஞ்சினைத் திறந்து பூட்டத் தெரியாதவனை நம்பி யாரும் ஆழ்கடலுக்குப் போகமாட்டார்கள். கரையில் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் திறக்கக்கூடாத பெட்டிகளைக் கொடுத்து, பொத்தானை அமத்தப் பழக்கி, சான்றிதழ் கொடுக்கிறோம்.

எதிர்ப்பக்கம்

இதை நான் சொல்லும்போதெல்லாம் வருகிற கேள்விகள் நியாயமானவை. பதில் சொல்லத்தான் வேண்டும்.

‘ரெடிமேட் மெசின் மலிவாக வருகிறதே’ என்பார்கள். வருகிறது. அந்த மலிவான வகையில் பரவலாகக் கிடைப்பதன் மேசை 30 சென்றிமீற்றர் நீளம், 18 சென்றிமீற்றர் அகலம். திறப்புக் கோர்வைக்குப் பெயர் வெட்டலாம். கதவுப் பலகையை அதில் வைக்க முடியாது. கதவு வைக்கக்கூடிய அளவுக்குப் போனால் விலையும் கப்பல் கூலியும் சின்னப் பட்டறையின் கைக்கு எட்டாது. நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் கட்டுவது மலிவல்ல என்பது உண்மை. ஒரு வியாபாரிக்கு அது நட்டம். ஒரு பயிற்சி நிலையத்துக்கு அந்த நேரம்தான் பாடநேரம்.

‘ஆபத்து’ என்பார்கள். ஆம். நிமிடத்துக்குப் பத்தாயிரக்கணக்கில் சுற்றுகிற கத்தி விளையாட்டுப் பொருள் அல்ல. ஆனால் கட்டுகிறவன்தான் ஆபத்தைச் சரியாகப் படிக்கிறான். அவசர நிறுத்தப் பொத்தானை எப்போதும் மூடியிருக்கும் சுற்றாக இணைக்க வேண்டும், வயர் அறுந்தாலும் இயந்திரம் நிற்க வேண்டும் என்பதற்குக் காரணம் தெரிந்தவன் அந்தப் பொத்தானைக் கழற்றி எறியமாட்டான். கண்ணாடியும் தூசிக்கு முகமூடியும் இல்லாமல் எங்கள் பட்டறையில் எவரும் பொத்தானில் கை வைப்பதில்லை.

மூன்றாவது கேள்விதான் எனக்குக் கனமானது. ‘கையால் செதுக்குகிறவர்களின் பிழைப்பு?’ மெசின் வந்தால் ஒரே பூவை நாற்பது கதவுக்கு வெட்டுகிற கூலிவேலை போகும். இதை மறைக்க நான் தயாரில்லை. ஆனால் அந்த வேலை ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. தெற்கிலிருந்து மெசினில் செதுக்கிய கதவுகள் லொறியில் வந்து இறங்குகின்றன. மெசின் வருமா வராதா என்று முடிவெடுக்கிற இடத்தில் மன்னார்த் தச்சன் இல்லை. அது யார் கையில் இருக்கும் என்பதை மட்டும்தான் அவனால் தீர்மானிக்க முடியும். அது அவன் கையில் இருந்தால், வடிவமும் விலையும் வேலையாளும் இங்கேயே இருக்கும்.

மெசினால் முடியாததும் நிறைய. சுழலும் கத்தி வட்டமானது. 6 மில்லிமீற்றர் கத்தி உள்மூலையில் 3 மில்லிமீற்றர் வளைவை விட்டுத்தான் போகும். அந்த மூலையைக் கூராக்க உளி வேண்டும், உளி பிடிக்கிற கை வேண்டும். இதழின் விளிம்பை அடியால் குடைந்து தூக்கிக் காட்டுவதும் கைவேலைதான். மேலிருந்து நேரே இறங்குகிற கத்தி அங்கே நுழையாது. என் பட்டறையில் முரட்டு வேலையை மெசின் எடுத்துவிடுகிறது. கண்ணும் கையும் வேண்டிய வேலை மூத்தவர்களிடம் போகிறது. அவர்களின் முதுகும் கொஞ்சம் தப்புகிறது.

ஒரு முன்னுதாரணம்

இது ஒரு மன்னார்த் தச்சனின் கனவு மட்டும் அல்ல. இந்தியாவில் புனேக்குப் பக்கத்தில் பாபல் என்றொரு கிராமம். அங்கே விஞ்ஞானியான ஸ்ரீநாத் கல்பாக் 1983இல் விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் தோற்ற கிராமத்துப் பிள்ளைகள் கைவேலை வழியாகத்தான் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மாணவர் செய்கிற வேலை ஊருக்குப் பயன்பட வேண்டும். கற்பதும் அந்த வேலையிலேயே நடக்க வேண்டும். 2002இல் எம்.ஐ.டி. தன் ஃபாப் லாப் என்ற பொதுப் பட்டறைத் திட்டத்தை அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுபோனபோது, முதலில் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று இந்தக் கிராமம். உலகத்துப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று தொழிற்சாலை நகரத்தைத் தேடாமல் வறண்ட கிராமத்தைத் தேடிப் போனதற்குக் காரணம், அங்கே ஏற்கெனவே கட்டிப் பழகிய கைகள் இருந்தன.

இங்கே நிலை வேறு. எங்கள் தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி, 103.5 மெகாவொட், டென்மார்க்கின் வெஸ்டாஸ் செய்த இயந்திரங்கள். மேலும் காற்றாலை வேண்டாம் என்று 2025 ஓகஸ்டில் மன்னார் நகரத்தில் மக்கள் நாட்கணக்கில் போராடினார்கள். அந்த விவாதத்தை இங்கே நான் தொடவில்லை. என் கேள்வி வேறு. காற்றுக்கேற்ப அந்த இறக்கைகளைத் திருப்புகிற கட்டுப்பாடும், என் மேசையில் கத்தியை நகர்த்துகிற கட்டுப்பாடும் ஒரே குடும்பம். அந்தக் கோபுரத்துக்குள் நடப்பதை விளங்கிக்கொள்ளும் வாய்ப்பு இந்தத் தீவின் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைத்தது? விளங்கினவன் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். இரண்டையும் கேள்வி கேட்டுச் செய்வான்.

செய்யக்கூடியது

நான் கேட்பது பெரிய காசு இல்லை.

தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு: ஒவ்வோர் ஆண்டுத் தொகுதி மாணவரும் சேர்ந்து ஓர் இயந்திரத்தைத் தொடக்கத்திலிருந்து கட்டட்டும். மரவேலை, வெல்டிங், மின்வேலை, கணினி வகுப்புகளைப் பிரித்து வைத்திருக்கிற சுவர் அந்த ஒரு வேலையில் தானாக விழும். என்.வி.க்யூ. என்ற தொழிற்தகைமை மதிப்பீட்டில் “இயக்கத் தெரியும்” என்பதோடு “பழுதுபார்க்கத் தெரியும்” என்பதற்கும் புள்ளி இருக்கட்டும். கட்டிய இயந்திரம் நிலையத்தில் தங்க வேண்டாம். குலுக்கல் போட்டோ தவணைக்கோ ஊர்ப் பட்டறை ஒன்றுக்குக் கொடுங்கள். அடுத்த தொகுதி அடுத்ததைக் கட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கின்றன. அவர்களின் மாணவர் ஒரு பருவம் மன்னாரிலோ முல்லைத்தீவிலோ ஒரு தச்சரோடு சேர்ந்து கட்டினால் இரண்டு பக்கத்துக்கும் இலாபம். கணக்கை அவர்கள் கொண்டுவரட்டும், மரத்தை நாங்கள் சொல்லித் தருகிறோம்.

உதவி நிறுவனங்களுக்கு: இயந்திரம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், வரைபடமும் பாகங்களின் இலக்கப் பட்டியலும் இல்லாத இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள். கொடுக்கிற காசில் ஒரு பங்கை உள்ளூரில் பழுதுபார்க்கிற இரண்டு பேரைப் பழக்க ஒதுக்குங்கள். திறப்பு விழாவுக்கு ஒரு வருடம் கழித்து வந்து, அது ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த நாளில் எடுத்த படத்தை அறிக்கையில் போடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். கணினி என்றால் அலுவலகக் கதிரை, உளி என்றால் வெயிலும் தூசும் என்று இரண்டாகப் பிரித்துப் பிள்ளைகளை வளர்க்கிறோம். என்னோடு வேலை செய்த தம்பிக்கு இரண்டும் ஒரே மேசையில் கிடைத்தன. இப்போது அவர் பேசாலையில் இன்னொரு பட்டறைக்கு இரண்டாவது இயந்திரம் கட்டிக்கொண்டிருக்கிறார். அதற்கு வேண்டிய மரப்பாகங்கள், அச்சுப் பலகைகள் எல்லாவற்றையும் முதல் இயந்திரத்தில்தான் வெட்டுகிறோம்.

எங்கள் வரைபடங்களைக் காசுக்கு விற்கப் போவதில்லை. கட்டுப்பாட்டு நிரலை எழுதியவர் எங்களுக்குச் சும்மா தந்தார். சட்டத்தின் அளவுகளுக்கு நாங்கள் விலை வைப்பது முறையாகாது. கட்ட விரும்புகிறவர்கள் உப்புக்குளத்துக்கு வாருங்கள், அளவெடுத்துக்கொண்டு போங்கள். ஒரே நிபந்தனை: உங்களுடையது ஓடத் தொடங்கினால் உங்கள் ஊரில் இன்னொருவருக்குக் கட்டப் பழக்க வேண்டும்.